தோட்டத்தின் மேல் ஓர் ஓடுபாதை

“ஏம்மா, அவ்வளவு தூரம் போய் அங்கே என்னத்தைப் பார்க்கப் போறே? கடலும் தென்னைமரமும்தானே? அது நம்ம ஊர்லயே இருக்கே!”

ஃபுனாஃபுட்டிக்குப் போகப் போகிறோம் என்று போனில் சொன்னதும் என் மாமியார் கேட்ட கேள்வி இது. எனக்கும் பதில் தெரியவில்லை. என் கணவருக்குப் பிஜித் தீவின் தலைநகரான சுவாவில் கணக்குத் தணிக்கை வேலை. அந்த வேலையாக அவர் ஒரு வாரம் துவாலு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. “நீயும் வாயேன், வீட்டிலே தனியா உட்கார்ந்து என்ன செய்யப் போறே?” என்றார். கிளம்பிவிட்டேன்.

துவாலு எங்கே இருக்கிறது என்று என்னைப் போலவே உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. பசிபிக் மகா சமுத்திரத்தில், பிஜிக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒன்பது சின்னச் சின்னப் பவளத் தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 26 சதுர கிலோமீட்டர்தான். முன்பு ‘எல்லிஸ் தீவுகள்’ என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1978 அக்டோபர் 1-ல் சுதந்திரம் பெற்றது. அதன் தலைநகரம் ஃபுனாஃபுட்டி. அங்கே ஊர் இருப்பது ஃபோங்காஃபலே என்கிற ஒரு தீவுத் துண்டில்.

சுவாவிலிருந்து சின்ன விமானம். சுமார் இரண்டரை மணி நேரம் நீலத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பிறகு திடீரென்று, யாரோ கழற்றிப் போட்ட அரைஞாண் கயிறு மாதிரி வளைந்து கிடந்தது ஒரு மெல்லிய பச்சைக் கோடு. அதுதான் ஊர்! சுமார் 12 கிலோமீட்டர் நீளம். மிக அகலமான இடத்திலேயே 400 மீட்டர்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். அந்த அகலமான இடத்தையும் முழுக்க அடைத்துக்கொண்டு நீளமாக, நேராகக் கிடந்தது விமான ஓடுபாதை.

‘இருக்கிற நிலமே கைக்குட்டை அளவு. அதில் நல்ல பாகத்தையெல்லாம் ஓடுபாதைக்குக் கொடுத்துவிட்டு, இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே பயிர் வைக்கிறார்கள்?’ இறங்கும்போதே இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்புகிற வரை விடவில்லை.

மாலையில் அது முற்றம்

விமானம் வருவதற்குச் சற்று முன்னால் சங்கு ஊதுகிறார்கள். ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள், குறுக்கே ஓடும் பிள்ளைகள், படுத்துக் கிடக்கும் நாய்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விமானம் வந்து, ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் போதும். மறுபடியும் ஓடுபாதை ஊருக்குச் சொந்தம்.

சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும்! ஒரு பக்கம் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். இன்னொரு பக்கம் பெண்கள் வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் காற்றாட நடக்கிறார்கள். புழுக்கம் தாங்காத இரவுகளில் பாயும் தலையணையுமாகக் குடும்பத்தோடு வந்து அங்கேயே படுத்துத் தூங்குகிறவர்களும் உண்டு. நம் ஊரில் கோடைக்காலத்தில் மொட்டை மாடிக்குப் போவோமே, அது மாதிரி.

நாங்கள் தங்கிய விடுதியை நடத்துகிற அம்மாள் அறுபது வயதைத் தாண்டியவர். நல்ல பருமன், அதைவிட நல்ல சிரிப்பு. நிதானமாக ஆங்கிலம் பேசுவார். முதல் நாள் மாலையே ஒரு பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “வாங்க, காத்து வாங்கிட்டு வருவோம்” என்று என்னை அழைத்துப் போனார்.

ஓடுபாதையின் ஓரமாகப் புல்லில் பாயை விரித்து உட்கார்ந்தோம். “ஊர் நடுவிலே இவ்வளவு பெரிய மைதானம்! உங்களுக்கெல்லாம் நல்ல சௌகரியம்” என்றேன் நான், பேச்சுக்கு.

அவர் சிரித்தார். பிறகு எதிரே கையைக் காட்டி, “இங்கேதான் எங்க பாட்டியோட புலாகாக் குழி இருந்தது. எங்கம்மா இந்த வழியா வரும்போதெல்லாம் காட்டுவாங்க. கடைசி வரைக்கும் அவங்க இதை ஓடுபாதைன்னு சொன்னதே கிடையாது. ‘குழி இருந்த இடம்’னுதான் சொல்லுவாங்க” என்றார்.

புலாகா என்றால் என்ன?

நம் சேப்பங்கிழங்கு இருக்கிறதே, அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் செடி, யானைக் காது மாதிரி இலை, அடியில் பெரிய கிழங்கு. நன்றாக வேகாமல் வாயில் வைத்தால் சேனை, சேம்பு மாதிரியே நாக்கு அரிக்கும்.

பவளத் தீவில் மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. எல்லாம் பவளச் சரளையும் மணலும்தான். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. ஆனால் பெய்கிற மழைநீர் அந்தச் சரளையில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு; உப்புத் தண்ணீர் எடை அதிகம். ரசத்தின் மேல் நெய் மிதக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி. கலக்காமல் விட்டால் அப்படியே இருக்கும்.

இந்த நாட்டு முன்னோர்கள் அந்த நல்ல தண்ணீர் எட்டும் வரை பெரிய பெரிய குழிகளாகத் தோண்டினார்கள். குழியில் புலாகாவை நட்டு, செடியைச் சுற்றிலும் ஓலையால் கூடை மாதிரி முடைந்து, அதற்குள் இலைதழைகளைப் போட்டு மட்கவிட்டார்கள். இல்லாத மண்ணை இப்படிக் கையால் உண்டாக்கினார்கள்! ஒரு குழி நல்ல பக்குவத்துக்கு வரத் தலைமுறைகள் ஆகும். எந்த இலையை எப்போது போட வேண்டும் என்பது அந்தந்தக் குடும்பத்தின் ரகசியம். நம் வீடுகளில் சாம்பார்ப் பொடி அளவை மருமகளுக்கு மட்டும் சொல்லுவோமே, அப்படி.

கிழங்கைத் துருவி, புலாகா இலையிலேயே பொட்டலம் கட்டி, ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து ஒரு பண்டம் செய்கிறார்கள். பெயர் ‘ஃபெக்கெய்’. துருவுவது பெண்களின் வேலை. விடுதி அம்மாள் ஒரு நாள் செய்து கொடுத்தார். நம் இலைக்கொழுக்கட்டையும் பால்கொழுக்கட்டையும் சம்பந்தம் பண்ணிக்கொண்ட மாதிரி ஒரு ருசி!

1897-ல் இங்கே ஒரு விஞ்ஞானக் குழு வந்தது. பவளத் தீவு எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி டார்வின் சொன்னது சரியா என்று, பூமியில் துளை போட்டுப் பார்க்க வந்தவர்கள். மறு வருஷம் அந்தத் துளை 1,114 அடி ஆழம் வரை போனது. 1897-ல் வந்த குழுவின் தலைவர் பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட். கூடவே அவர் மனைவி திருமதி டேவிட்டும் வந்திருந்தார். புருஷன் துளை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மாள் இந்த ஊர்ப் பெண்களோடு பழகி, தாம் கண்டதைப் பிறகு ஒரு புத்தகமாகவே எழுதினார். 1899-ல் அது வெளியானது. அந்தக் குழுவினர் இந்தத் தீவுத் துண்டைப் பற்றிப் படமும் வரைந்து வைத்தார்கள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

1942 அக்டோபர் 2

இரண்டாம் உலகப் போர். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது நமக்குத் தெரியும். அதே மாதம் இங்கிருந்து வடக்கே உள்ள கில்பர்ட் தீவுகளிலும் ஜப்பானியர் இறங்கினார்கள். அங்கிருந்து அவர்கள் மேலும் தெற்கே வந்துவிடாமல் தடுக்கவும், அவர்களைத் தாக்கவும் அமெரிக்காவுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. தேர்ந்தெடுத்தது ஃபுனாஃபுட்டியை.

1942 அக்டோபர் 2-ந் தேதி அமெரிக்கப் படை வந்து இறங்கியது. ‘சீபீ’ என்று அழைக்கப்பட்ட கடற்படைக் கட்டுமானப் பிரிவினர் புல்டோசர்களோடு வந்தார்கள். மாட்டு வண்டியைக்கூடப் பார்த்திராத ஊர். தீவின் அகலமான இடம்தான் ஓடுபாதைக்குத் தோதான இடம். அகலமான இடத்தில்தான் நல்ல தண்ணீரும் அதிகம்; புலாகாக் குழிகளும் அங்கேதான்.

ஊர்மக்களைப் பக்கத்துத் தீவுத் துண்டுகளுக்குக் குடிபெயர்த்தார்கள். தென்னைகளைச் சாய்த்தார்கள். குழிகளையும் நடுவிலிருந்த சதுப்பு நிலத்தையும் தூர்த்தார்கள். அதற்கும் ஓடுபாதைக்கும் வேண்டிய பவளச் சரளையைத் தீவிலேயே வேறு 10 இடங்களில் வெட்டி எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் நானுமேயா, நுக்குஃபெட்டாவு என்ற மற்ற இரண்டு தீவுகளிலும் விமானத் தளங்கள் வந்தன. மூன்று தீவுகளிலுமாகச் சேர்த்து அழிந்த மரங்களின் கணக்கு இது: தென்னை 55,672, ஈரப்பலா 1,633, தாழை இனத்து மரங்கள் 797.

ஐம்பத்தையாயிரம் தென்னை என்றால் வெறும் தேங்காய் மட்டுமில்லை. நாம் பதநீர் இறக்குகிற மாதிரி இவர்கள் தென்னையிலிருந்து ‘கலேவே’ என்ற இனிப்பு நீர் இறக்குவார்கள். குழந்தைகளுக்கு அதுதான் பால் மாதிரி. கூரைக்கு ஓலை, கயிற்றுக்கு நார், அடுப்புக்கு மட்டை... அத்தனையும் தென்னைதான். தாழை ஓலைதான் பாய், தாழைதான் கூரை. புதிதாக ஒரு தென்னையை நட்டால் காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும்.

“உங்க அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அப்போ அம்மாவுக்குப் பன்னிரண்டு வயசு. சிப்பாய்ங்க கொடுத்த சாக்லேட்டும் டின் மாமிசமும் ரொம்ப ருசியா இருந்ததாம். பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரே குஷி. பாட்டி மட்டும் ‘டின்னு காலியானா இன்னொரு டின் முளைக்குமா?’ன்னு கேட்டாங்களாம்.”

அந்தப் பாட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும், எங்கள் ஊரில் என் பாட்டி குதிரைச் சிறுமூட்டை மாதிரி விதை மூட்டையை உறியில் கட்டித் தொங்கவிட்டது என் கண் முன்னால் வந்து நின்றது.

தேவாலயத்தில் 680 பேர்

தளம் வந்தால் அதைத் தேடிக் குண்டும் வரத்தானே செய்யும்? 1943 ஏப்ரலில் இங்கிருந்து பறந்த பெரிய குண்டு விமானங்கள் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த நவுரு தீவைத் தாக்கின. பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய வீரர் லூயி சாம்பரீனியும் அந்த விமானங்களில் ஒன்றில் இருந்தார். உடனே ஜப்பானியர் ஃபுனாஃபுட்டியைத் திருப்பித் தாக்கினார்கள்.

குண்டு விழத் தொடங்கியதும் ஜனங்கள் எங்கே ஓடுவார்கள்? தேவாலயத்துக்குத்தான். கான்கிரீட் சுவர், தாழை ஓலைக் கூரை. ஊரிலேயே கெட்டியான கட்டடம் அதுதான். கிழவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் எல்லாமாக 680 பேர் உள்ளே அடைந்துகொண்டார்கள். அப்போது லாட் என்ற அமெரிக்க கார்ப்பரல் ஒருவர் ஓடி வந்து, ‘இங்கே இருக்காதீர்கள், பதுங்கு குழிக்குப் போங்கள்’ என்று மன்றாடி, எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். அதன்பின் சற்று நேரத்திலேயே தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது!

அன்றைக்கு அவர் சும்மா இருந்திருந்தால் இந்த ஊரின் வம்சமே அழிந்திருக்கும். “எங்கம்மாவும் அந்தக் கூட்டத்திலே இருந்தாங்க. தம்பியைத் தோளிலே போட்டுக்கிட்டு ஓடினாங்களாம். அதனாலதான் இன்னிக்கு நான் இங்கே உட்கார்ந்து உங்ககூடப் பேசறேன்” என்றார் விடுதி அம்மாள்.

தளத்தோடு ஓர் ஆஸ்பத்திரியும் வந்திருந்தது. முதல் உலகப் போரில் புகழ் பெற்ற விமானி எடி ரிக்கன்பேக்கரும் அவரோடு ஏழு பேரும் போன விமானம் 1942 அக்டோபரில் வழி தவறிக் கடலில் இறங்கியது. ரப்பர் படகுகளில் மூன்று வாரத்துக்கு மேல் மிதந்தார்கள். கையில் இருந்தது நாலே நாலு ஆரஞ்சுப் பழம். மழை பெய்தால் துணியை நனைத்துப் பிழிந்து குடித்தார்கள். ஒருவர் கடலிலேயே இறந்துபோனார். மற்ற ஏழு பேரும் நவம்பரில் பிழைத்துக் கரையேறினார்கள். ரிக்கன்பேக்கரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது ஃபுனாஃபுட்டிக்குத்தான்.

1943 நவம்பரில் டராவா தீவில் நடந்த கடும் போருக்குப் பிறகு யுத்தம் வடக்கே நகர்ந்துவிட்டது. இந்தத் தளத்தின் அவசரமும் தீர்ந்தது. யோசித்துப் பாருங்கள்... போருக்காக இந்த இடம் மும்முரமாக வேலை செய்தது ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதல்தான்!

போர் முடிந்தது; குழி மூடவில்லை

சிப்பாய்கள் போனார்கள். சரளை வெட்டிய 10 பள்ளங்களும் அப்படியே கிடந்தன. கடல் ஏறும்போது பள்ளங்களிலும் உப்புத் தண்ணீர் ஏறியது. அதில் எந்தப் பயிரும் வராது. நாளாக ஆக ஊர்க் குப்பையெல்லாம் அங்கே சேர்ந்தது. பன்றிப் பட்டிகளை அதன் கரையில் கட்டினார்கள். வேறு தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குக் குடிசை போட வேறு இடமில்லை. அந்தத் தண்ணீரின் மேலேயே கம்பு நட்டுக் குடியிருந்தார்கள். தேங்கிய அழுக்குத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொசு, சொறி, பேதி என்று ஒன்று மாற்றி ஒன்று.

அந்தப் பள்ளங்கள் எப்போது மூடப்பட்டன தெரியுமா? 2015-ல்! நியூசிலாந்து நாட்டின் உதவியோடு, காயலிலிருந்து மணலை எடுத்து வந்து நிரப்பினார்கள். சில வாரங்களில் வெட்டிய பள்ளம் மூட எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மற்ற இரண்டு தீவுகளில் ஓடுபாதையைக் கலைத்து, நிலத்தைச் சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பவளச் சரளையை இடித்து இறுக்கிய நிலம் அல்லவா? அதில் இன்று வரை தென்னைகூடச் சரியாக வருவதில்லை.

இப்போது 1897-ல் வந்த குழுவின் படத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் கடல் மிக உயரமாக ஏறும் நாட்களில், ஓடுபாதைப் பக்கத்தில் தரைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே வருகிறது. அலை கரையைத் தாண்டி வருவதில்லை. தண்ணீர் தரையிலிருந்து ஊறுகிறது! பவளப்பாறை இட்லித் தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையானது. கடல் உயர்ந்தால் அடியிலிருந்தும் ஏறும். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய படத்தை எடுத்து இன்றைய ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்று தண்ணீர் ஊறும் நடுப்பகுதி, அன்று சதுப்பு நிலமாக இருந்த இடம் என்று தெரிந்தது. போர்க்காலத்தில் தூர்த்து, பின்னால் ஜனம் பெருகியதும் வீடு கட்டிய இடம்.

அப்படியென்றால் கடல் மட்டம் உயரவில்லையா? உயர்கிறது. பூமி சூடாவதால் கடல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நாட்டிலேயே உயரமான இடம் 5 மீட்டர்கூட இல்லாத இவர்களுக்கு அது பெரிய ஆபத்துதான். ஆனால் ஆபத்து வந்து நிற்கும் வாசலைப் போர் ஏற்கெனவே தாழ்த்தி வைத்துவிட்டது.

ஒரு நாளைக்கு இரண்டு வாளி

குழியும் போய், நல்ல தண்ணீரும் கெட்டுப்போனால் குடும்பம் நடத்துவது எப்படி? ஃபுனாஃபுட்டியில் ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. கூரையில் விழும் மழைதான் குடிநீர். மழை பொய்த்தால் அவ்வளவுதான். 2011-ல் அப்படித்தான் ஆயிற்று. மாதக்கணக்கில் மழை இல்லை. அரசாங்கம் அவசரநிலை அறிவித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர்! சமையல், குளியல், குழந்தைத் துணி எல்லாம் அதற்குள்.

“எங்க வீட்டிலே ஒன்பது பேர். அரிசி களைஞ்ச தண்ணியிலே பாத்திரம் கழுவினோம். பாத்திரம் கழுவின தண்ணி பன்னிக்கு” என்றார் விடுதி அம்மாள். சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றிருக்கிறேன் என்பதால் எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

சாப்பாட்டு விஷயமும் அப்படியே. தலைநகரத்தில் புலாகா இப்போது விசேஷ நாள் பண்டமாகிவிட்டது. மிச்சமிருக்கும் குழிகளிலும் உப்பு ஏறுகிறது. அன்றாடம் கப்பலில் வருகிற அரிசி, மைதா, சர்க்கரை, டின் மாமிசம்தான். கப்பல் தாமதமானால் கடையில் அலமாரி காலி. நார்ச்சத்துள்ள கிழங்கையும் மீனையும் தின்று வளர்ந்த ஜனத்துக்கு இன்று நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. விடுதி அம்மாளே காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி இரண்டு மாத்திரை விழுங்குகிறார்.

ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். தைவான் நாட்டு விவசாயக் குழு இங்கே ஒரு தோட்டம் போட்டிருக்கிறது. ‘சந்தோஷத் தோட்டம்’ என்று அர்த்தமாம். இலைதழை, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் அரைத்து மட்கவைத்து உரமாக்கி, அதில் கீரை, வெள்ளரி, கத்தரி என்று விளைவிக்கிறார்கள். விற்கிற நாளில் விடியற்காலையிலேயே பெண்கள் கூடையோடு போய்விடுகிறார்கள். இல்லாத மண்ணை இலையால் உண்டாக்குவது... பாட்டிமார் குழியில் செய்ததும் இதைத்தானே!

எடுத்ததும் கொடுத்ததும்

கிளம்புவதற்கு முந்தின மாலை. அதே ஓடுபாதை ஓரம், அதே பாய். என் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “இந்தத் தளம் வராமலே இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமில்லே?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் குழந்தை மிதிவண்டி பழகிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினார். “அவ என் பேத்தி. பிரசவத்திலே என் மகளுக்குச் சிக்கலாயிடுச்சு. இங்கே பார்க்க முடியாது, சுவாவுக்குக் கொண்டு போகணும்னு டாக்டர் சொன்னார். கப்பல்லே போனா நாள் கணக்காகும். விமானத்திலே போனாங்க. ரெண்டு உசிரும் பிழைச்சுது. பாட்டியோட குழியை எடுத்துக்கிட்டது இந்த ஓடுபாதைதான். என் பேத்தியைக் கொடுத்ததும் இதேதான். நான் யார்கிட்டே போய்ச் சண்டை போடறது, சொல்லுங்க?”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவரே சொன்னார். ஆஸ்திரேலியாவோடு துவாலு 2023 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி வருஷத்துக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கேட்டபோது, குடும்பத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் நாட்டு ஜனத்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்களாம். “என் மகளும் கொடுத்திருக்கா. பிள்ளை படிப்புக்காக. நான் கொடுக்கலே. அவ போனா இதே இடத்திலேதான் நின்னு கையாட்டணும்” என்று சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையைச் சொருகத் தொடங்கினார்.

மறுநாள் சங்கு ஊதியது. கால்பந்து நின்றது. நாய்கள் எழுந்து போயின. விமானத்தில் ஏறி ஜன்னல் வழியே பார்த்தேன். விடுதி அம்மாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘குழி இருந்த இடத்தின்’ ஓரத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். என் கைப்பையில் அவர் இலையில் கட்டிக் கொடுத்த ஃபெக்கெய் இன்னும் சூடாக இருந்தது.

சுவாவுக்கு வந்ததும் மாமியாரிடமிருந்து போன். “என்ன, கடலையும் தென்னைமரத்தையும் பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு அத்தை. அதோட, நம்ம கொல்லையிலே வாழை இருந்த இடத்தைச் சிமெண்ட் போட்டுடலாம்னு போன மாசம் சொன்னீங்களே... அதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க. நான் வந்தப்புறம் பேசிக்கலாம்” என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் மௌனம். “சரிதான். அந்தப் பக்கம் கொஞ்சம் சேப்பங்கிழங்கு ஊன்றி வைக்கிறேன், போ” என்றார் மாமியார்.